பட்டது

ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் நான் ஆறாவது ஆள்.
அறுபத்தாறு, தை மாசம், சிதம்பரம்.
பல்கலைக்கழக ஸ்டோரில் பூப்பந்துகளை எண்ணி வாங்கி
இருட்டினதும் எண்ணித் திருப்பிக் கொடுப்பேன்.
மஞ்சள் கம்பளி; பனி இறங்கிவிட்டால்
நனைந்த கோழிக்குஞ்சாகக் கனக்கும்.

ஈரக் காற்றில் தொய்ந்த நரம்பு மட்டைகளை
விடுதிச் சமையல்கட்டுக்குத் தூக்கிப்போய்
அடுப்புக்கு மேலே காட்டி எடுத்துவருவதும் நான்தான்.
"என்ன தம்பி, இன்னிக்கு மட்டை வறுவலா?"
என்பார் பக்கிரிசாமி.
வறுத்தாலும் தின்றிருப்போம்.
அந்த வருஷம் ராத்திரியில் சோறு கிடையாது.
ரயிலடி தாண்டிக் கண்ணெட்டும் மட்டும்
சம்பா அறுத்துக்கொண்டிருந்தார்கள்,
நாங்கள் கோதுமை உப்புமாவைத்
தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினோம்.

நடுவில் இருதயராஜ்.
வலப்பக்கம் பரங்கிப்பேட்டை கலீல், இடதுகைக்காரன்.
பின்னால் உத்திராபதி, கோடு அவன் பாட்டன் சொத்து.
மற்ற இருவர் பெயர் இப்போது வரவில்லை.
அவர்களுக்கு என் பெயர் அப்போதே வராது.

கடைசி நாள் தஞ்சாவூர்க்காரர்கள்.
"பூப்பந்து பொறந்ததே எங்க ஊர்லதான்" என்று
பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போதே சொன்னவர்கள்.
சொன்னபடி ஆடவும் ஆடினார்கள்.
முதல் ஆட்டம் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு.
மூன்றாவதில் இருபத்தேழுக்கு இருபத்தேழு,
இருதயராஜ் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

ஞானமுத்து சார் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.
பெஞ்சு என்றால் நான்.

செருப்பை உள்ளே தள்ளிவிட்டுப் போனேன்.
மூன்று வருஷமாகச் சூடுகாட்டிய மட்டை
என் கைக்கு வந்தபோது ஜில்லென்றிருந்தது.

ஒரு பாயின்ட் என்னைக் கேட்காமலே போயிற்று.
அவர்களுக்கு இருபத்தெட்டு. மறுபடி அவர்கள் சர்வீஸ்.
கலீல் எடுத்தான். உத்திராபதி எடுத்தான்.
கலீல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இன்னொன்று எடுத்தான்.
பிறகு ஒன்று உயர வந்தது,
கொள்ளிடத்து மணல் நிறத்தில் கிடந்த வானத்தில்
மஞ்சள் எது வானம் எது என்று தெரியாமல்.
"விடு, விடு!" உத்திராபதியின் குரல்.
விட்டேன்.
கை விடவில்லை.
மட்டை விளிம்பில் ஓர் எறும்பு ஊர்ந்த அளவு கூச்சம்.
பந்து பின்கோட்டுச் சுண்ணாம்பைத் தாண்டி விழுந்தது.

"அவுட்" என்றார் நடுவர். சர்வீஸ் எங்களுக்கு.
இருதயராஜ் ஒற்றைக்காலில் எழுந்து நின்று கத்தினான்.
சைக்கிள் மணிகள், டம்ளர் தாளம்,
யாரோ துண்டை மேலே வீசினார்கள்.
நான் கையைத் தூக்கினேன்.

"பட்டது சார்."

தஞ்சாவூர்க் கேப்டன் வலைக்கடியில் குனிந்து வந்து
என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
திங்கட்கிழமை ஞானமுத்து சார் என்னை எழுப்பி நிறுத்தி
நேர்மை என்ற சொல்லைப் பதினான்கு தடவை சொன்னார்.
எண்ணுவது என் பழக்கம்.
உத்திராபதி மூன்று நாள்
சாம்பார் வாளியை என்னைத் தாண்டி நகர்த்தினான்.

நேர்மையெல்லாம் இல்லை உத்திராபதி.
மற்றவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்;
ஒரு வேலைகூட அதை வைத்து வாங்கினேன்.
நடுவர் சொன்னபடி விட்டிருந்தால்
அது யார்மேலும் படாத பந்து.
நான் உள்ளே இறங்கினதற்கு
ஸ்கோர் புத்தகத்தில் ஒரு சொட்டு மசி இருந்திருக்காது.
மூன்று வருஷத்தில் என்னிடம் வந்தது ஒரே ஒரு பந்து.
அதையும் வரவில்லை என்று
எப்படிச் சொல்லச் சொல்கிறாய்?

அன்று இருட்டினபின் ஸ்டோர் வாசலில் பார்த்தேன்.
சட்டத்துக்கும் நரம்புக்கும் நடுவே
சிக்கியிருந்தது மஞ்சள் இழை ஒன்று.
பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பந்துகளை எண்ணினேன்.
இருபத்துநாலு.
சரியாக இருந்தது.